ஞானம் என்னும் சொற்பொருள்

ஞானம் என்னுஞ் சொல் உலகவழக்கிற் பலபடப் பயில்கின்றது. நூல் பல கற்றாரையும் ஞானி என்ப. நன்மை தீமை ஆய்ந்து நடப்பாரையும் ஞானமுடையார் என்ப. வருவது முன்னுரைப்பாரையும் அங்ஙனமே கூறுப. கல்வி, அறிவு, ஞானம் என்னும் மூன்றும் ஒருபொருட் கிளவிகள்போல மயங்குதற்கு இவ்வழக்கே காரணம். திருவள்ளுவர் இம்மயக்கத்திற்கு இடங்கொடுத்திலர். கல்வியை 40-ஆம் அதிகாரத்தும், கேள்வியை 42-ஆம் அதிகாரத்தும், அறிவுடைமையை 43-ஆம் அதிகாரத்தும் பொருட்பாலில் அரசியலுள் வைத்த அவர், மெய்யுணர்தலை அவற்றோடு சேர்க்காது, அறத்துப்பாலிற் றுறவறவியலுள் 36-ஆம் அதிகாரமாக வைத்தார். நாடு காப்பானுக்கு வேண்டும் அறிவு வேறு, பிறப்பறுக்கப் புகுந்தானுக்கு வேண்டும் உணர்வு வேறு என்பது இவ்வைப்புமுறையானே பெறப்படும்.

சைவசித்தாந்த நூல்கள் இவ்வேறுபாட்டைப் பின்னும் நுணுகி ஆராய்ந்து, அறிவைப் பாசஞானம், பசுஞானம், பதிஞானம் என மூன்றாக வகுக்கும். கருவிகளின் வாயிலாகவும் சொல்லின் வாயிலாகவும் உயிர்க்கு வரும் அறிவு பாசஞானம். அக்கருவிகளின் நீங்கித் தன்னைக் கண்ட உயிர், அம்மட்டில் நின்று, தானே பரம்பொருள் என மதிக்கும் அறிவு பசுஞானம். இவ்விரண்டற்கும் எட்டாத முதல்வனை அவனது திருவருளே கண்ணாகக் காணும் அறிவு பதிஞானம். ஞானம் என்னும் பெயர் இம்மூன்றற்கும் பொதுவாயினும், வீடுபயப்பது மூன்றாவதே.

ஈண்டு ஒரு பெருந்தடை நிகழும். அருணந்தி சிவாசாரியர் தமது சித்தியார் சுபக்கத்து ஒன்பதாஞ் சூத்திரத்தில், வேதம், சாத்திரம், மிருதி, புராணம், கலை என்னும் இவற்றான் வரும் ஞானம் அனைத்தையும், வைகரி முதல் நாதம் ஈறாகிய வாக்கின் வகைகளோடு ஒருங்கு வைத்துப் பாசஞானம் என்றொழிந்தார். அவரே எட்டாஞ் சூத்திரத்தில், ஞானநூலை ஓதுதல், ஓதுவித்தல், பொருளைக் கேட்பித்தல், தாம் கேட்டல், சிந்தித்தல் என்னும் ஐந்தினையும் இறைவன் திருவடியை அடைவிக்கும் ஞானபூசை எனச் சிறப்பித்தார். நூலறிவு பாசமாயின் அதனைப் பூசை என்றல் யாங்ஙனம்? பூசையாயின் பாசம் என்றல் யாங்ஙனம்? சாத்திரங் கற்பார் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே விடுத்துக்கொள்ள வேண்டிய வினா இது. இதனை விடாது, பதினான்கு சாத்திரமும் வரியடைவே ஒப்புவித்தலாற் பயனில்லை.

இதற்கு விடை அவ்வாசிரியர் வரலாற்றிலேயே உளது. திருத்துறையூரில் வாழ்ந்த அவர் ஆகமம் அனைத்தும் கற்றுச் சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்றவர்; மெய்கண்டாரின் தந்தையாராகிய அச்சுதகளப்பாளர்க்குக் குலகுரு. திருவெண்ணெய்நல்லூரில் இளம்பிள்ளையாகிய மெய்கண்டார் மாணாக்கர்க்கு மெய்ப்பொருள் உணர்த்துகின்றார் எனக் கேட்டு, ஆண்டுச் சென்று நின்றவாறே, ஆணவமலத்தின் இயல்பு யாது என வினவினர் என்றும், பிள்ளையார் வாய்திறவாது, நின்ற அவரையே அடிமுதன் முடிவரை நோக்கினர் என்றும், அந்நோக்கின் பொருள் தெளிந்த பண்டிதர் அத்திருவடியில் வீழ்ந்து மாணாக்கராயினர் என்றும் சைவமரபு கூறும்.

இந்நிகழ்ச்சியைக் கற்றாரை இகழ்தற்கு எடுத்துக்காட்டுவாரும் உளர். அது பொருந்தாது. பண்டிதர் ஆணவத்தின் இலக்கணம் அறியாதவரல்லர். ஆகமங்கள் அதனைக் கூறும் இடமெல்லாம் அவர்க்கு மனப்பாடம். அவர் அறியாதது, அவ்விலக்கணத்திற்கு இலக்கியமாய்த் தாமே நின்றமை. புறத்திருள் பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டி நிற்கும். ஆணவ இருளோ பொருளை மறைப்பதோடு தன்னையும் மறைக்கும் என்பது திருவருட்பயன் இருண்மல நிலையிற் பெறப்படும் கருத்து. ஆகலின், கண்டார்க்கெல்லாம் வெளிப்படையாய் நின்ற அது, கொண்டார்க்குத் தோன்றாதாயிற்று. நூல் ஆணவம் என்னும் சொல்லைத் தந்தது. அதன் பொருளைத் தம்மிடத்தே காட்டுதற்குப் பிறிதோர் நோக்கம் வேண்டியதாயிற்று. கண்ணிற் படலம் உண்டு என்று மருத்துவநூல் கற்றறிதலாற் படலம் நீங்காது. மருத்துவன் கைபட வேண்டும். மலம் ஒரு திரவியம், வெற்றறியாமையன்று என ஆகமநூலார் வற்புறுத்துவதும் இதுபற்றியே.

இம்முறையை உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனின் அதிகார அடைவிலேயே அமைத்துள்ளார். பத்து அதிகாரங்களுள், ஆசிரியன் வருகையைக் கூறும் அருளுருநிலை ஐந்தாவது. அறியும் நெறி ஆறாவது. அறிவிப்பான் வந்தபின்னரே அறிதல் நிகழும்.

அற்றேல், அறிவிப்பானே அனைத்தும் செய்வானாயின் அறிவோன் யாவன்? பதிஞானம் பதியினுடையதாகலின் உயிர்க்கு அதனால் வந்ததென்னை என்பார்க்குக் கூறுமாறு: உயிர் அறிவுடைப் பொருளே, சடமன்று. ஆயினும் அதன் அறிவு, அறிவித்தால் அறிவதாய், சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும். கண் ஒளியுடையதாயினும் ஞாயிற்றின் ஒளி கலந்தாலன்றி யாதொன்றையுங் காணாது. அதுபற்றிக் காட்சியைக் கண்ணினதன்று, ஞாயிற்றினது என்று கூறுவார் இலர். ஒளி ஞாயிற்றினது, காண்டல் கண்ணினது. அவ்வாறே ஞானம் முதல்வனது. அதனாற் காண்டலும் இன்புறுதலும் உயிரினுடையன. இவ்விரண்டனுள் முன்னையதை விடுத்தார் பசுஞானத்தில் வீழ்வர். பின்னையதை விடுத்தார்க்கு முத்தி பெறுவோர் ஒருவரும் இலராய் முடியும். சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரமும் பதினோராஞ் சூத்திரமும் இவ்விருபாலும் வழுவாமற் காக்கின்றன. ஐந்தாவதில் உயிர் முதல்வனால் அறிதலும், பதினோராவதில் முதல்வன் உயிர்க்குக் காட்டுதலோடு தானும் உடனின்று காண்டலும் கூறப்பட்டன.

இனி முன்னைத் தடைக்கு விடை எளிது. நூலான் வரும் அறிவு, தன்னளவில், சொல்லைப் பற்றி நிற்றலின் பாசஞானமே. ஆயின் பூசையிற் பயன்படும் பூவும் நீரும் மாயையின் காரியமாதலால் அவை வழிபாட்டிற்கு ஆகா என விலக்குவார் யாவர்? திருவடியிற் சார்த்தப்பட்ட பூ வழிபாடாம். கூந்தலிற் சூடப்பட்ட பூ அணியாம். நூலறிவும் அத்தகையது. தன்னை உயர்த்துதற்கு ஓதியவிடத்து அது கட்டு. முதல்வனை நாடி ஓதியவிடத்து ஞானபூசை. ஐந்து வகையுள் இறுதியிற் சிந்தித்தலை வைத்தமையும் நோக்கத்தக்கது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் நான்கும் முறையே ஞானத்திற் சரியை, கிரியை, யோகம், ஞானம் எனப்படும். ஆகவே கேட்டலோடு அமைந்தார் ஞானநெறியுட் புகுந்தாரேனும், சரியைப் படியில் நிற்போரே. நாளும் புராணவிரிவுரை கேட்டு வீடு திரும்புவார் பலர்க்கும் அப்படி ஏறியதே பெரும்பேறு என்பதும் உண்மை. அதனையே மாடத்தின் உச்சி என எண்ணாதிருத்தல் வேண்டும்.

திருவெண்ணெய்நல்லூரில் வீழ்ந்து எழுந்தபின் பண்டிதர் தம் ஏடுகளைக் கட்டிவைத்துவிட்டாரல்லர். 12 சூத்திரங்களில் 40 அடியால் அமைந்த ஆசிரியர் நூலுக்கு வழிநூலாகச் சிவஞானசித்தியார் செய்தார். அதன் பரபக்கத்தில் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் 14 மதத்தாரையும் அவரவர் கொள்கையை அவரவர் வாயாற் கூறுவார்போல நிறுத்தி, பின்னர் மறுத்தார். அத்துணைக் கல்வியும் முன்னர் அவரிடத்து இருந்ததே. இருபா இருபஃதில் அவர் தம் ஆசிரியரையே முன்னிலைப்படுத்தி, ஆணவத்தின் செயல்களைத் தம்மேல் வைத்து வினவுகின்றார். அன்று நின்றவாறே விடுத்த வினாவை அந்நூலில் அவர் மீண்டும் தொடங்கினார் எனலாம். ஆயின் இம்முறை அதனை அடியிலிருந்து வினவினார்.