பயிர் எழுதும் மனு

மேலூர் வரப்பில் நின்று பாருங்கள், தோழர்களே! பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்த வயல். நாற்று நட்டு மூன்று வாரம் ஆகிறது. ஆயினும் இலையெங்கும் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளி! பூச்சியோ நோயோ என்று மருந்துக் கடைக்கு ஓடுகிறான் உழவன். ஆனால் பயிருக்கு வந்திருப்பது பசி, துத்தநாகப் பசி! இதை 1966இல் பந்த்நகரில் கண்டு சொன்னவர் நெனே என்னும் அறிஞர். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போதும் என்கிறது வேளாண்மைத் துறை.

வாயில்லாப் பயிர் என்பர். இலைதான் அதன் மனு! தழைச்சத்துக் குறைந்தால் அடி இலை முதலில் மஞ்சளாகும். முதிர்ந்த இலை தன்னிடமுள்ள சத்தைக் குருத்துக்குக் கொடுத்துவிடுகிறது. தான் பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டும் தாய் அது. இரும்பு எளிதில் இலைவிட்டு இலை நகராது. ஆகவே அது குறைந்தால் குருத்து வெளுக்கும். சாம்பல்சத்துக் குறைந்தால் அடி இலையின் நுனியும் ஓரமும் கருகும்.

மனுவோடு ஓய்ந்துவிடுகிறதா பயிர்? இல்லை, போராடுகிறது! திருமங்கலத்துக் கரிசலில் நிற்கும் சோளத்தைப் பாருங்கள். மணிச்சத்துக் குறைந்தால் அதன் வேர் ஒரு பொருளைக் கசியவிட்டு, மண்ணிலுள்ள பூஞ்சையைத் துணைக்கு அழைக்கிறது. பூஞ்சை மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. பயிர் அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். 2014இல் ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்தார் கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றின் வேரை இரு கூறாக்கினர். ஒரு கூற்றுக்குத் தழைச்சத்தைத் தந்து, மறு கூற்றைப் பட்டினி போட்டனர். பசித்த வேர் மேலே இலைக்குச் செய்தி அனுப்பியது. இலை கட்டளையிட, சத்துள்ள பக்கத்து வேர் கூடுதலாய் உறிஞ்சி முழுச் செடிக்கும் ஊட்டியது! ஒரு பட்டறையில் கதவடைப்பு என்றால் அடுத்த பட்டறைத் தோழன் உண்டியல் குலுக்கி அரிசி அனுப்புகிறானே, அந்தத் தோழமை இதுவல்லவா?

வேரின் குரல் இலைக்குக் கேட்கிறது. உழவனின் குரல் டில்லிக்குக் கேட்டதா? 2010 ஏப்ரல் முதல் நாள் புதிய மானியக் கொள்கை வந்தது. யூரியாவின் விலையை அரசு தன் கையில் வைத்துக்கொண்டது. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலையைக் கம்பெனிகளிடம் விட்டது. அதற்கு முன் டி.ஏ.பி. மூட்டை 467 ரூபாய் 50 காசு. 2025இல் 1,350 ரூபாய்! யூரியாவோ 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஏழை உழவன் எதை வாங்குவான்? யூரியாவைக் கொட்டுகிறான். பயிர் கரும்பச்சையாய்த் தளதளக்கிறது. பிறகு பூச்சி ஏறுகிறது, தண்டு சாய்கிறது. மற்றச் சத்துகளின் பசி அந்தப் பச்சைப் போர்வைக்குள் மறைந்தே கிடக்கிறது. குற்றம் உழவனுடையதா, விலை வைத்தவனுடையதா?

நாம் கேட்பது இதுதான்: எல்லா உரத்துக்கும் உழவன் தாங்கும் விலை வேண்டும்! ஊர்தோறும் மண் ஆய்வு வேண்டும்! யானைமலை அடியில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி நிற்கிறது. அங்குள்ள அறிவு வரப்புக்கு இறங்கி வரவேண்டும்!

ஆலைத் தோழனே! உன் தட்டுச் சோறும் அந்த வயலிலிருந்துதான் வருகிறது. உழவன் கேட்கும்போது நீயும் உடன் நில். மறுபக்கத்து வேர் நீதான்!