மருந்தடிக்க ட்ரோன் வாங்கப் போகிறீர்களா?

மணாலியில் வசதி படைத்தவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிப் போய் மலை உச்சியில் இறக்கிவிடுகிறார்கள். அவர்கள் பனியில் சறுக்கிக்கொண்டு கீழே வருகிறார்கள். வருஷத்தில் சில மாதம்தான் அந்தத் தொழிலுக்கு வரும்படி. மேகம் கவிந்தால் அதுவும் இல்லை. தஞ்சாவூரில் பனிக்கு எங்கே போவது? ஆனால் கடன் வாங்கி மருந்தடிக்கும் ட்ரோன் எடுக்கிறவர்களுக்கும் ஏறக்குறைய அதே பாடுதான்.

ஓட்டக் கற்பது பெரிய காரியமில்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயின்று, 10 ஆண்டு செல்லும் சான்றிதழ் வாங்கலாம். மகளிர் சுயஉதவிக் குழு என்றால் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 80 சதவீத மானியம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய்.

தஞ்சாவூருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020-ல் சுகோய் போர் விமானங்களும் வந்து சேர்ந்தன. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலத்துக்குத் தனி அனுமதி வேண்டாம். மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி, சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி. வயல் எந்த நிறத்தில் விழுகிறது என்று பார்க்காமல் முன்பணம் வாங்காதீர்கள்.

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் கலக்கும் இடத்தில் ட்ரோனுக்கு 10 லிட்டர் போதும், பத்து நிமிஷ வேலை. ஆனால் ஒரு செட் பாட்டரி ஒன்றிரண்டு ஏக்கருக்குத்தான் வரும். ஆக நாலைந்து செட், களத்திலேயே சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர், ஏற்றிச் செல்ல வண்டி. ட்ரோன் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கையைச் சுடும்.

உண்மையான சோதனை சம்பாவில். புகையானோ இலைச்சுருட்டுப் புழுவோ கண்டால் ஊரே ஒரே வாரத்தில் கூப்பிடும். ஐப்பசி, கார்த்திகையோ அடைமழைக் காலம். மழை விட்டால் காற்று. பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டரில்தான் பறந்தாலும், காற்றில் களைக்கொல்லி பக்கத்துக் கொல்லை வாழையில் பட்டால் பஞ்சாயத்துதான். வரப்போரத் தென்னையும் மின்கம்பியும் வேறு. மா, ஒன்றரை மா என்று துண்டுபட்ட வயல்களில் பறப்பதைவிடத் திரும்புவதற்கே நேரம் போகும்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறக்கும். இடையில் நெல் வேலை குறையும், வங்கித் தவணையோ நிற்காது. சம்பா தாளடியில் விதைத்த உளுந்து பூக்கும்போது 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளிக்கப் பரிந்துரை உண்டு. அந்த வேலையை முன்கூட்டியே பேசி வைப்பது புத்திசாலித்தனம். அதுவும் முடிந்த பிறகு பாட்டரியைப் பாதி சார்ஜில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். முழுச் சார்ஜோடு சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கிடந்தால், ஆடியில் குறுவைக்கு எடுக்கும்போது ஊதிப்போயிருக்கும்.