கிஸ்தி இங்கே வரி, வடக்கே தவணை

வருவாய்த் துறைத் தமிழில் புழங்கும் அரபு, பாரசீகச் சொற்கள் மற்ற மொழிகளில் வேறு பொருளோடு வாழ்கின்றன. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் தாலுகா அலுவலகத்தில், ஜமாபந்தி நாளன்று அவற்றில் பலவும் ஒரே மேசைக்கு வந்துவிடும். கிராமக் கணக்குகள் அடுக்கியிருக்கும். நில அளவைச் சங்கிலியும் சரிபார்ப்புக்குக் காத்திருக்கும். பட்டா மாறுதல் மனுவோடு மலையாளிப் பழங்குடியினர் நிற்பார்கள். கணக்கேட்டின் தலைப்பில் பசலி ஆண்டு.

இதன் மூலமான ‘ஃபஸ்ல்’ பாரசீகத்தில் பருவம், இந்தியில் பயிர். அறுவடையைப் பார்த்து வரி வாங்க முகலாயர் வகுத்த ஆண்டு அது. தமிழுக்கு வந்ததில் பயிர் உதிர்ந்து, ஜூலை 1-இல் பிறக்கும் கணக்காண்டு மட்டும் மிஞ்சியது. சாமை விதைக்கிறவரிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார். தாலுகாவின் வேர்ச்சொல்லுக்கு உருதுவில் உறவு, தொடர்பு என்று பொருள். ஜமாபந்தி தமிழ்நாட்டில் ஆண்டுத் தணிக்கை. பஞ்சாபில் நில உரிமைப் பதிவேடு. கட்டபொம்மன் வசனத்தால் ஊரறிந்த கிஸ்தியோ வடக்கே வெறும் தவணை. கடனில் வாங்கிய பைக்குக்கு மாதாமாதம் கட்டுவதும் அங்கே ‘கிஸ்த்’தான்.

துருக்கியச் சொற்கள் இன்னும் தூரம் போனவை. படைமுகாமைக் குறித்த ‘ஓர்து’ ரஷ்ய மொழியில் ‘ஓர்தா’, போலிஷில் ‘ஹோர்தா’ என்று நாடோடிப் படைக்கூட்டமானது. இந்தியாவில் உருது என்ற மொழிப்பெயரானது. சக்கிமுக்கிக் கல்லில் ஒளிந்திருக்கும் ‘சக்மக்’ இன்றைய துருக்கியில் சிகரெட் லைட்டர்.

தாசில்தார் வட்டாட்சியராகவும், ஜமாபந்தி வருவாய்த் தீர்வாயமாகவும் மாறியதில் தமிழார்வலர்களுக்கு மகிழ்ச்சி; புதுச்சொல் படித்தவுடன் புரியும் என்பதும் உண்மைதான். ஆனால் பழைய பத்திரங்கள் மாறவில்லை. வஜா என்றால் வரித் தள்ளுபடி, ஜப்தி என்றால் பறிமுதல் என்று சொல்லித்தர வீட்டுப் பெரியவர்கள் குறைந்துவருகிறார்கள். மலை நிலத்தில் தலைமுறைகளின் அனுபவத்தைக் காட்டப் பல வீடுகளில் இருப்பது மடித்துவைத்த ஒரு கிஸ்தி ரசீதுதான். அதில் ‘பசலி 1380’ என்றிருந்தால் 590-ஐக் கூட்டி, 1970 ஜூலை முதல் 1971 ஜூன் வரை என்று கொள்ள வேண்டும். பள்ளிப் பாடத்தில் இந்தக் கூட்டல் இல்லை. ரசீதை எடுத்துவரும் பேரன் அதை 1380ஆம் ஆண்டு என்றே படிப்பான்.