கடைசி எட்டு ஆட்டம்: மாமனா, மருமகனா? தீராத வழக்கு

கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர் வழியாகத் தமிழக எல்லையை நோக்கிப் போகும் பாதையில் இருக்கிறது ராமாபுரம். பழைய மைசூர் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். 1997-இல் சாமராஜநகர் ஜில்லா தனியாகப் பிரிந்தபோது அதனோடு சேர்ந்தது. கன்னடமும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் வட்டாரம் இது. இங்கிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூர் போன பிள்ளைகள் பண்டிகைக்கு ஊர் திரும்பினால், துணிமணி, பலகாரத்தோடு ஒரு வழக்கையும் மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். அது கால்பந்து வழக்கு.

"அந்த எட்டு ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்தது நம்ம கண்டனூர்ப் பையன்தான் மாமா" என்று மருமகன் ஆரம்பித்தால் போதும்.

"அட போ மாப்பிள்ளே! முடிக்க வேண்டிய நேரத்தில் முடித்தது யாரு? சேத்ரிதானே!" என்று மாமன் திருப்பிக் கேட்பார்.

2022-23 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் பெங்களூர் எஃப்.சி. அணி பாதாளத்திலிருந்து எழுந்து இறுதி ஆட்டம் வரை போன கதைதான் இந்த வழக்கின் மூலம். ஆண்டுகள் கடந்தும் ரசிகர்களிடையே இது தீர்ந்தபாடில்லை.

பன்னிரண்டில் பத்து புள்ளி

பெங்களூர் எஃப்.சி. 2013-இல் பிறந்த அணி. முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டத்தையும், 2018-19-இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தையும் வென்றது. 2022 செப்டம்பர் 18 அன்று கல்கத்தாவில் மும்பை அணியை 2-1 என்று வென்று டூராண்ட் கோப்பையையும் கொண்டுவந்தது. புதிதாக வந்த இங்கிலாந்துப் பயிற்சியாளர் சைமன் கிரேசனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. அந்த ஆட்டத்தின் முதல் கோலைப் போட்டவர் சிவசக்தி நாராயணன், சிவகங்கை ஜில்லா கண்டனூரைச் சேர்ந்த 21 வயது இளைஞர்.

ஆனால் லீக் தொடங்கியதும் எல்லாம் தலைகீழாயிற்று. முதல் 12 ஆட்டங்களில் வெற்றி 3, டிரா 1, தோல்வி 8. கிடைத்த புள்ளிகள் 10 மட்டுமே. அந்த 12 ஆட்டங்களில் அணி போட்டது மொத்தம் 8 கோல், வாங்கியது 17. மும்பையிடம் 0-4, ஹைதராபாத்திடம் 0-3 என்ற அடிகளும் இதில் அடக்கம். டிசம்பர் 30 அன்று கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலிடம் 1-2 என்று தோற்றபோது, இனி இந்தப் பருவம் அவ்வளவுதான் என்று ரசிகர்கள் கைகழுவிவிட்டார்கள்.

எட்டுக்கு எட்டு

2023 ஜனவரி பிறந்தது. 6-ஆம் தேதி நார்த்ஈஸ்ட் அணியை 2-1 என்று வென்றார்கள். பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்த அணி என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து ஒடிசா 3-1, ஜாம்ஷெட்பூர் 3-0, சென்னை 3-1. பிப்ரவரியில் மோகன் பகான் 2-1, கேரளா 1-0, மும்பை 2-1, கோவா 3-1. ஆக, எட்டு ஆட்டம், எட்டு வெற்றி, 24 புள்ளி. போட்ட கோல் 19, வாங்கியது 6.

அந்தப் பருவத்தில் அதுவரை ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் இருந்த மும்பையும் பெங்களூரில் விழுந்தது. மொத்தம் 34 புள்ளிகளோடு அணி நான்காம் இடத்தைப் பிடித்தது.

என்ன மாறியது என்பதில்தான் கட்சிகள் பிரிகின்றன.

மூன்று கட்சி

முதல் கட்சி இளைஞர் கட்சி. கேப்டன் சுனில் சேத்ரிக்கு அப்போது வயது 38. இந்தியாவுக்காக அவரைவிட அதிக கோல் போட்டவர் இல்லை. அப்பேர்ப்பட்டவரைப் பல ஆட்டங்களில் தொடக்கத்தில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஃபிஜி நாட்டு ராய் கிருஷ்ணாவோடு சிவசக்தியை முன்னே இறக்கினார் கிரேசன். எதிரணியின் தடுப்பு வீரர்களை மூச்சுவிட விடாமல் துரத்த இளங்கால்கள் வேண்டும். அந்தத் துரத்தலில்தான் பந்து கிடைத்தது, பந்து கிடைத்ததால்தான் கோல் விழுந்தது என்பது இவர்கள் வாதம். பருவம் முடிந்தபோது சிவசக்தியின் கணக்கில் 6 கோல். லீகின் சிறந்த வளரும் ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த ஒரு செட்டிநாட்டுப் பையனுக்குக் கண்டீரவா மைதானம் எழுந்து நின்று கை தட்டியது என்றால், கர்நாடகத் தமிழர்களுக்கு அதில் ஒரு தனிப் பெருமை இருக்காதா?

இரண்டாவது கட்சி பெரியவர் கட்சி. "உட்கார வைத்தார்கள் என்கிறீர்களே, உட்காரச் சம்மதித்தாரே, அது யாருக்கு வரும்?" என்பது இவர்கள் கேள்வி. அந்த உயரத்தில் இருக்கும் ஒருவர் முகம் சுளித்திருந்தால் அணி இரண்டாக உடைந்திருக்கும். அவர் ஒதுங்கி இடம் கொடுத்ததால்தான் இளையவர் ஓடினார் என்பார்கள். அதோடு, ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், எதிரணி களைத்திருக்கும் நேரத்தில் இறங்கும் சேத்ரி முன்னைவிட அபாயமானவர் என்றும் சொல்வார்கள்.

மூன்றாவது கட்சி சந்தேகக் கட்சி. நார்த்ஈஸ்ட் பலவீனமான அணி. மும்பையோ லீக் முதலிடத்தை முன்பே உறுதி செய்துவிட்டு மெத்தனமாக ஆடிய அணி. பாதி வெற்றி காற்று வாக்கில் வந்தது என்பது இவர்கள் கணக்கு. ஆனால் மோகன் பகானையும் கேரளாவையும் கோவாவையும் எந்தக் காற்று அடித்தது என்று கேட்டால் இவர்களிடம் சரியான பதில் இல்லை. முதல் 12 ஆட்டங்களில் 17 கோல் வாங்கிய அணி, கடைசி எட்டில் 6 மட்டுமே வாங்கியதற்கும் அதிர்ஷ்டம் காரணமாகாது. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவும், தடுப்பு ஆட்டத்தில் சந்தேஷ் ஜிங்கனும் அதில் பங்கு கேட்பார்கள்.

மார்ச் மாதத்து இரவுகள்

வழக்கைச் சூடாக்கியது 2023 மார்ச் 3. கண்டீரவாவில் கேரளாவுடன் நாக்அவுட் ஆட்டம். 90 நிமிடத்தில் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில், 96-ஆவது நிமிடம், மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த சேத்ரி ஒரு ஃப்ரீ கிக்கைக் கேரள அணி சுவர் கட்டி நிற்பதற்கு முன்பே அடித்து உள்ளே தள்ளினார். நடுவர் கோல் என்றார். கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமானோவிச் தம் ஆட்டக்காரர்களை அழைத்துக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேறினார். ஆட்டம் அத்தோடு முடிந்தது. பின்னர் கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம். தடுக்கும் அணி தயாராகும்வரை காத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை; நடுவர் நிறுத்தி வைத்தால்தான் காத்திருக்க வேண்டும். இருந்தாலும் பெங்களூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் மலையாளிக்கும் தமிழனுக்கும் இடையே இன்றும் அது வம்புதான்.

மறுநாள் மார்ச் 4-இல் இன்னொரு சேதி. சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் மேகாலயாவை 3-2 என்று வென்று சந்தோஷ் கோப்பையைக் கர்நாடகம் எடுத்தது. 1968-69-இல் மைசூர் மாநிலம் என்ற பேரில் வென்றதற்கு 54 வருஷம் கழித்து! பழைய ரசிகர்களுக்கு அன்று கண் கலங்கியதில் ஆச்சரியமில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகம் என்று தமிழ்ப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தது இந்த மாநிலத்துக் கால்பந்து. அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்.

அரை இறுதியில் மறுபடியும் மும்பை. அவர்கள் ஊரில், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய சேத்ரி தலையால் முட்டிப் போட்ட கோலில் 1-0. பெங்களூரில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 1-2. பெனால்டி முடிவில் 9-8. குர்பிரீத் ஓர் உதையைத் தடுக்க, ஜிங்கன் வெற்றி கோலைப் போட்டார். மெத்தனத்தால் மும்பை தோற்றது என்ற சந்தேகக் கட்சியின் வாதம் அன்றோடு பலவீனப்பட்டது.

விதியின் விளையாட்டு

மார்ச் 18, கோவா. இறுதி ஆட்டத்தில் எதிரி மோகன் பகான். சிவசக்தி முதலிலேயே களத்தில், சேத்ரி பெஞ்சில். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் மோதிக் காயம்பட்டுச் சிவசக்தி வெளியே போக நேர்ந்தது. உள்ளே வந்தவர் சேத்ரி. எந்த மாற்றம் அணியைத் தூக்கி நிறுத்தியதோ, அது அந்தக் கடைசி ஆட்டத்தில் கை கொடுக்காமல் போயிற்று. பெனால்டியில் சேத்ரி ஒரு கோல் போட்டார். ராய் கிருஷ்ணா தலையால் முட்டி 2-1 ஆக்கினார். 85-ஆவது நிமிடத்தில் பெனால்டி மூலம் மோகன் பகான் சமன் செய்தது. பெனால்டி முடிவில் 4-3 என்று கோப்பை கல்கத்தாவுக்குப் போனது.

"பையன் களத்தில் இருந்திருந்தால் கப்பு நமக்குத்தான்" என்பான் மருமகன். "பெரியவர் பெஞ்சில் இல்லாமல் போயிருந்தால் அன்றைக்கு யாரை இறக்கியிருப்பார்கள்?" என்பார் மாமன். இரண்டும் நியாயமான பேச்சுத்தான். ஒருவர் இடம் விட்டதும், இன்னொருவர் அந்த இடத்தை நிரப்பியதும் சேர்ந்துதான் எட்டு வெற்றி. தனியாகப் பிரித்துப் பட்டா எழுதிக் கொடுக்க முடியாது.

ஆனால் அந்தப் பருவத்தின் பாடம் வேறிடத்தில் இருக்கிறது. அடுத்த 2023-24 பருவத்தில் இதே அணி பத்தாம் இடத்துக்கு இறங்கியது. பாதியிலேயே, 2023 டிசம்பரில், கிரேசன் வேலையை இழந்தார். ஜனவரியில் எழுந்த அணி அதற்கடுத்த ஜனவரிவரை அந்தப் பயிற்சியாளரை வைத்திருக்கவில்லை. கடைசி நேரத்து மீட்சியைக் கொண்டாடும் ரசிகர்கள், முதல் 12 ஆட்டங்களில் ஏன் 10 புள்ளி என்ற கேள்வியைக் கேட்பதில்லை. அதற்கு விடை தேடாமல் விட்டால் பள்ளம் மறுபடியும் வரும், வந்தது.

சிவசக்தியைப்போல் கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் இதில் சேதி உண்டு. பெரியவர்கள் தாமாக இடம் விடும் நாள் எப்போதாவதுதான் வரும். அன்றைக்கு ஓடத் தயாராகக் கால் இருக்க வேண்டும்.

பண்டிகை முடிந்து பிள்ளைகள் பெங்களூர் பஸ் ஏறும்போதும் பேச்சு நிற்பதில்லை. "அடுத்த தடவை வரும்போது பேசிக்கலாம் மாமா" என்று ஜன்னல் வழியாகக் கை ஆட்டுவான் மருமகன். "வா, வா, சேத்ரி கட்சி எங்கேயும் போகாது" என்பார் மாமன்.