வளவுக் குளத்தில் இரைமீன்

ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டதை நேயர்கள் பலர் அறிவர். அதன் பெண்மீன் முட்டைகளை வாயினுள் வைத்துக் காக்கும். ஆதலால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைக்கின்றன. சிறு குளத்தில் அவை பெருகி நெருங்கவே, வளர்ச்சி குன்றிவிடுகின்றது. கறிக்கு உதவாத அச்சிறுமீன்களே விரால் தூண்டிலுக்கு ஏற்ற இரையாகும்.

வீட்டு வளவில் மூன்றடி ஆழக் குளம் போதும். தவிட்டைச் சிறிதளவே தூவ வேண்டும். மிஞ்சியது அழுகினால் நீரிலுள்ள பிராணவாயு குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், உணவை நிறுத்திப் புதுநீர் பாய்ச்சுதல் வேண்டும்.

மாரியில் குளம் வழிந்தோடாதவாறு வரம்பை உயர்த்துதல் இன்றியமையாதது. எஞ்சிய இரையை ஓடையில் விடுதலும் ஆகாது. அங்கு பெருகும் அந்நிய மீன் நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் கவர்ந்துகொள்ளும். பின்னர் அதனை அகற்றுதல் அரிது.