டர்போ அழுத்தக் குறைவும் அதன் காரணம் காணுமாறும்

சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலைக்கு வாடகைக் கார் ஓட்டும் நண்பரொருவர் சென்ற ஆண்டு நம்மிடம் வந்து மிக வருந்தினார். அவருடைய டீசல் கார் சமவெளியில் ஒருவாறு ஓடினும், மலைப்பாதையில் இரண்டாவது கியருக்கு மேல் செல்ல மறுத்துக் கரும்புகை கக்கிற்று. பட்டறைக்காரர் ஒருவர் வண்டியைத் திறந்தும் பாராமல், “டர்போ போய்விட்டது, புதிது போடவேண்டும்” என்று கூறிவிட்டார். அதன் விலையோ நண்பரின் பல மாத வருவாய். மனையாளின் நகையை அடகு வைக்கத் துணிந்திருந்த அவரைச் சற்றே பொறுக்கச் சொல்லி, நாம் காரணம் தேடப் புகுந்தோம்.

டர்போ என்பது யாது? இயந்திரம் கழிக்கும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இயந்திரத்தினுள் செலுத்தும். சுவிட்சர்லாந்து தேசத்து ஆல்பிரட் பியூக்கி என்பார் 1905-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். கடல்மட்டத்துக் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 14.7 ராத்தல், டீசல் காரின் டர்போ முழுப் பளுவில் ஏறத்தாழ அவ்வளவையே மேலும் கூட்டும். 3,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். அக்குறையையும் டர்போ பெரும்பாலும் நிரப்பிவிடும். ஆதலின், ‘மலையேற்றத்தில் அப்படித்தான் இருக்கும்’ என்று வாளாவிருத்தல் தகாது.

முதலிற் காற்று வடிகட்டியைக் கழற்றினோம். புழுதி படிந்திருந்ததேயன்றி அடைபடவில்லை. பின்னர் ஸ்கேனரைப் பூட்டி, இயந்திரத்தை இயக்காது சாவியை மட்டும் திருப்பினோம். அழுத்தமானி ஏறக்குறைய 1000 மில்லிபார் காட்டிற்று. அது வெளிக்காற்றின் அளவேயாதலால், மானி பொய் சொல்லவில்லை என்பது தெளிந்தது. இயந்திரத்தை இயக்கியதும் டர்போவைக் கட்டுப்படுத்தும் கம்பி ஒழுங்காக அசைந்தது. அதனை இழுக்கும் மெல்லிய ரப்பர்க் குழாயை எலி கடித்துவிடுதலும் உண்டு. கரும்புத் தோட்டத்தருகே இரவில் வண்டி நிறுத்துவோர் இதனை நன்கறிவர்.

பிறகு ஒருவர் ஓட்ட, மற்றொருவர் ஸ்கேனரை நோக்கியிருக்க, ஏற்றமொன்றில் ஏறினோம். இயந்திரம் கேட்டது 2000 மில்லிபார்; வந்தது 1400-ஐத் தாண்டவில்லை. அமுக்கிய காற்று வழியில் எங்கேயோ ஒழுகுகின்றது என்று ஐயுற்றோம். அக்காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயின் அடிப்புறத்தில் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் திரண்டிருந்தன. கையால் தடவியும் பிளவு தென்படவில்லை. வண்டி நிற்கையில் அங்கே அழுத்தமில்லையன்றோ! பஞ்சர்க் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தும் உபாயத்தையே கைக்கொண்டோம். காற்று புகும் வாயை அடைத்து, மெல்லிய அழுத்தத்தில் காற்றேற்றி, சோப்புத் தண்ணீரைப் பூசினோம். குழாயின் மடிப்பில் குமிழிகள் பொங்கின. விரற்கடை நீளப் பிளவொன்று வாய் திறந்தது.

டர்போவையும் ஐயமறப் பார்த்தோம். குளிர்ந்தபின் சக்கரத்தை விரலால் அசைத்தபோது, பக்கவாட்டில் இயல்பான சிற்றாட்டம் தவிர முன்பின் அசைவில்லை; இலைகள் உறையில் உரசிய தழும்புமில்லை. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடிய தண்டிற்கு இச்சோதனை இன்றியமையாதது.

புதுக் குழாய் பூட்டி மறுநாளே மலையேறினோம். மூன்றாவது கியரிலேயே கார் எளிதாக ஏறிற்று, புகையுமில்லை. வெள்ளிமலையை அடைந்ததும் நண்பர் உடனே சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிடம் இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்டார். சூடேறிய தண்டில் எண்ணெயோட்டம் திடீரென நின்றால் அவ்வெண்ணெய் கருகிப் படியும் என்பதை நாம் சொல்லாமலே அவர் அறிந்திருந்தார்.