பிராங்கோபைல்: பற்றா, பித்தா?



மொன்றியலில் வாழும் நேயர் ஒருவர் சென்ற மாதம் எமது நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் வந்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் பிரெஞ்சு நாவல், பிரெஞ்சுத் திரைப்படம், பிரெஞ்சுப் பாட்டு என்றே இருக்கிறாளாம். உறவினர்கள் அவளைப் "பிரெஞ்சுப் பைத்தியம்" என்று கேலி செய்கிறார்களாம். இதற்கு வேறு நல்ல சொல் இல்லையா என்று கேட்டார். நேரம் போதாமையால் அன்று சுருக்கமாகவே பதில் சொன்னேன். இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நல்ல சொல் இருக்கிறது. அது பிராங்கோபைல். "பிராங்கோ" என்பது பிரெஞ்சைக் குறிக்கும். "பைல்" என்பது நேசிப்பவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. பிரெஞ்சு மொழி, உணவு, கலை, வாழ்க்கைமுறை ஆகியவற்றை விரும்பும் பிறநாட்டவரை இப்படி அழைப்பார்கள். தமிழில் பிரெஞ்சுப் பற்றாளர் எனலாம்.

இதைப் பிராங்கோபோன் என்ற சொல்லோடு குழப்பக்கூடாது. டெலிபோனில் வரும் அதே "போன்"தான் இது. குரல் என்று பொருள். பிரெஞ்சு பேசுபவர் பிராங்கோபோன். கியூபெக்கில் 1977இல் வந்த 101ஆம் சட்டத்தால், குடியேறிய எம்மவரின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைக்கே போகிறார்கள். அவர்கள் பிரெஞ்சைச் சரளமாகப் பேசுவார்கள். அதற்காக எல்லோரும் அதை நேசிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. பேச்சு சட்டத்தால் வரலாம், விருப்பம் அப்படி வருவதில்லை.

மூன்றாவது சொல்தான் கேலிக்குரியது: கல்லோமேனியா. பிரான்சின் நிலப்பகுதிக்கு உரோமர் வைத்திருந்த பெயர் கல்லியா. மேனியா என்றால் பித்து. 18ஆம் நூற்றாண்டு ரஷ்யப் பிரபுக்களைப் பிடித்திருந்தது இந்தப் பித்துத்தான். வீட்டில் பிரெஞ்சு ஆசிரியர், விருந்தில் பிரெஞ்சுப் பேச்சு. தாய்மொழி வேலைக்காரரோடு பேசுவதற்கு என்றானது. பாரிஸ் போய்வந்து தன் நாட்டையே இகழும் இளைஞன் ஒருவனை வைத்து, பொன்வீசின் 1769இல் "பிரிகேடியர்" என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதினார். தோல்ஸ்தோயின் "போரும் அமைதியும்" நாவல் பிரெஞ்சு வசனத்தோடு தொடங்குவதும் இதனால்தான். 1812இல் நெப்போலியன் படையெடுத்து வந்தபோது, எதிரியின் மொழியில் பேசிக்கொண்டிருப்பது பலருக்குக் கூச்சமாகிவிட்டது.

பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடரிக்கும் பிரெஞ்சில்தான் எழுதினார். தன் மாளிகைக்குச் சான்சூசி என்று பிரெஞ்சுப் பெயர் வைத்தார். வொல்தேரை 1750இல் தன்னிடம் வரவழைத்தார். அதே பிரெடரிக் 1757இல் ரொஸ்பாக் போரில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார். பிரெஞ்சுப் பற்று அவருடைய அரசியலைத் தடுக்கவில்லை. ஆனால் சொந்த நாட்டின் ஜெர்மன் இலக்கியத்தை அவர் தாழ்வாகவே மதித்தார். பற்று பித்தாகும் இடம் இதுதான். பிறருடையதை விரும்புவதில் பிழை ஒன்றும் இல்லை. அதற்காக எம்முடையதை இகழத் தொடங்கும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

எம்மவரிலும் ஓர் உதாரணம் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேயின் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சுக்காரரோடு அவரைப்போல் நெருங்கிப் பழகிய தமிழர் அக்காலத்தில் சிலரே. ஆனால் 1736 முதல் 1761 வரை தாம் கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பாக எழுதியபோது தமிழிலேயே எழுதினார். அந்த ஆட்சியின் உள்விவகாரங்களை இன்று ஆராய்பவர்கள் இந்தத் தமிழ் நாட்குறிப்பைத் தேடி வருகிறார்கள்.

ஆகவே பெற்றோரே, பிள்ளை பிரெஞ்சுப் புத்தகமும் கையுமாக இருந்தால் பயப்படாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். விருப்பத்தோடு சொன்னால் அது பற்று. தமிழில் சொல்லவே வெட்கப்பட்டால், அப்போது உட்கார்ந்து பேசுங்கள். கேலி செய்வதால் அந்த வெட்கம் போகாது.